பார்க்காததற்குச் சாட்சி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பு தேறிவிட்டது என்று படித்ததும்தான் நிம்மதி. மகனுக்கு வேலை கிடைத்ததும் நல்ல சேதி. இங்கே எல்லாரும் சுகம்.

உள்ளூர்ப் பத்திரிகை நின்றுபோனதற்கு ஏன் இவ்வளவு வருத்தப்படுகிறாய், எல்லாச் செய்தியும்தான் போனிலேயே வந்துவிடுகிறதே என்று கேட்டிருந்தாய். வருகிறதுதான். ஆனால் எது வருகிறது என்று பார். முகம்கூடச் சரியாகத் தெரியாத ஒரு நடிகரின் விவாகரத்து உடனே தெரிந்துவிடுகிறது. நாலு தெரு தள்ளி ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனது தெரியவில்லை. முன்பெல்லாம் உள்ளாட்சிக் கூட்டம் என்றால் ஒருவர் போய் உட்கார்ந்து, யார் என்ன பேசினார் என்று குறிப்பெடுத்து எழுதுவார். சலிப்பான வேலை, ஆனால் யாராவது செய்தாக வேண்டிய வேலை. அமெரிக்காவில் 2005இல் இருந்த பத்திரிகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்போது இல்லை. பத்திரிகை மூடிய ஊர்களில் உள்ளாட்சி வாங்கும் கடனுக்கு வட்டி கூடுகிறது என்று அங்கே நிதித்துறை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கணக்கைக் கவனிக்க ஆள் இல்லை என்றால் கடன் கொடுப்பவருக்கே பயம் வருகிறது.

அந்த இடத்தை இப்போது வாட்ஸ்அப் குழுக்கள் பிடித்துக்கொண்டன. எங்கள் ஜெபக்குழுவிலும் இதே கதைதான். ரத்தம் தேவை என்று ஒரு செய்தி வரும். அந்த எண்ணைக் கூப்பிட்டால், பிள்ளை குணமாகி வீடு திரும்பி வெகுகாலம் ஆகிவிட்டது, இன்னும் போன் வந்துகொண்டே இருக்கிறது என்று அந்தத் தாய் சொல்வார். அப்புறம், "இதைப் பத்துப் பேருக்கு அனுப்பு, இரவுக்குள் நற்செய்தி வரும், அனுப்பாவிட்டால் துக்கம் வரும்" என்பது. இது என்னை உண்மையாகவே நோகச் செய்கிறது. பயந்து அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே துக்கத்தில் இருப்பவர்கள். அவர்களுடைய கடவுளைக் கொண்டே அவர்களை மிரட்டுவது எவ்வளவு பெரிய பாவம்!

இணையம் வந்துதான் இப்படி ஆகிவிட்டது என்று நீ சொல்வாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினில் நடந்த ஒன்றைப் படித்தேன். வானத்திலிருந்து கிறிஸ்துவே அனுப்பியது என்று ஒரு கடிதம் கைமாறிக் கைமாறி இபிசா தீவுக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை எந்த வேலையும் செய்யக் கூடாது என்று அதில் கட்டளை. அந்தத் தீவின் ஆயர் (பிஷப்) வின்சென்சியுஸ் அதை நம்பி, சபை நடுவில் வாசித்தும்விடுகிறார். கார்த்தஹேனா நகரத்து ஆயர் லிசினியானுஸ் அவருக்குப் பதில் எழுதுகிறார்: நடையும் நன்றாயில்லை, போதனையும் சரியில்லை, இதை எப்படி நம்பினீர், வாசிக்காமல் கிழித்துப் போட்டிருக்க வேண்டாமா என்று. அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. எனக்கு லிசினியானுஸை மிகவும் பிடித்துவிட்டது. வானத்துக் கடிதத்தைச் சந்தேகப்பட்டதால் அவருடைய விசுவாசம் குறைந்துபோகவில்லை. கடவுள் பெயரில் எதை வேண்டுமானாலும் சொல்லிவிட முடியாது என்று நினைக்குமளவுக்குக் கடவுளை மதித்தவர் அவர்.

அன்று கையால் எழுதித்தான் அனுப்ப வேண்டும். இன்று ஒரு தட்டல் போதும். ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி 2018இல் வெளியிட்டார்கள். 1,500 பேரைச் சென்றடைய, பொய்யைவிட உண்மைக்கு ஏறக்குறைய 6 மடங்கு நேரம் பிடித்தது. தானாக இயங்கும் போலிக் கணக்குகளைக் கழித்துப் பார்த்தாலும் அதே முடிவுதான். பரப்பியவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள். அதே 2018இல், பிள்ளை பிடிக்கிறார்கள் என்ற வதந்தியால் இந்தியாவில் பல இடங்களில் வழிப்போக்கர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு நேரத்தில் 5 பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் இங்கே கட்டுப்படுத்தியது. 2020இல், ஏற்கெனவே பலமுறை கைமாறியவற்றை ஒரு முறைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்பலாம் என்றதும், அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்துவிட்டன என்று அந்த நிறுவனமே சொன்னது. ஒரு சின்னத் தடை, அவ்வளவுதான். பத்து விநாடி யோசிக்க விட்டால் நாம் அவ்வளவு கெட்டவர்கள் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற வேதக் கட்டளையை நாம் சிறு வயதில் மனப்பாடம் செய்தோம். அது நீதிமன்றத்துக்கு உரியது என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது ஒவ்வொரு ஃபார்வர்டும் ஒரு சாட்சியாகத்தான் எனக்குத் தெரிகிறது. நான் அனுப்பினால், என்னை நம்புகிறவர் அதையும் நம்புகிறார். நான் பார்த்தேனா, கேட்டேனா, கூப்பிட்டு விசாரித்தேனா? இயேசு உயிர்த்தெழுந்ததை உடனே நம்பாத சீடர் தோமாவைச் சந்தேகப் பேர்வழி என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். அவர் கேட்டதெல்லாம் காயத்தைப் பார்த்துத் தொட வேண்டும் என்பதுதான், காட்டவும் பட்டது.

எல்லாக் குழுவிலிருந்தும் வெளியே வந்துவிடு என்று எழுதியிருந்தாய். அதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கு அந்தக் குழுதான் வெளியுலகம். அதில் வருவது உண்மையாக இருக்கட்டும் என்று விட்டுப் போகாமல் இருக்கிறேன். குழுவில் சிலர் சேர்ந்து ஒன்று தொடங்கியிருக்கிறோம். உள்ளாட்சிக் கூட்டத்துக்கு முறை வைத்துப் போகிறோம். கண்டதையும் கேட்டதையும் மட்டும் ஒரு பக்கத்துக்குள் எழுதி, எழுதியவர் பெயரோடு குழுவில் போடுகிறோம். யாருக்கு உதவி வேண்டும் என்பதையும், கூப்பிட்டு உறுதி செய்த பிறகு, தேதி போட்டுச் சேர்க்கிறோம். உதவி கிடைத்ததும் போதும் என்று அடுத்த இதழில் சொல்லிவிடுகிறோம்.

முதல் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன். மூன்றாவது பத்தியில் குடிநீர்க் குழாய் விவகாரத்தில் ஒரு தரப்பு சொன்னதுதான் அதிகம் வந்திருக்கிறதோ என்று சந்தேகம். படித்துவிட்டு, எங்கே வெட்ட வேண்டும், யாரைப் போய்க் கேட்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதி அனுப்பு. அடுத்த கூட்டத்துக்கு முன் வந்தால் நல்லது.

அன்புடன்,
உன் பழைய தோழன்