நாத்தனார் முடிச்சு எங்க போச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

முகூர்த்த நாள் வந்தா நம்ம கடலூர் பக்கத்துல இருக்கற திருவந்திபுரம் கோயில் மலைல எத்தனை கல்யாணம், எவ்ளோ டிராஃபிக்னு பேப்பர்ல போட்டோவோட வருது, சரி, ஆனா அந்த மலை மேல கல்யாணம் எப்படி நடக்குதுன்னு யாரும் எழுதறதில்ல, அதான் நானே எழுத உக்காந்தேன்.

போன ஆவணில என் தம்பிக்கு அங்கதான் கல்யாணம். நான் நாத்தனார். காமாட்சி விளக்கைப் புடிச்சிட்டு பொண்ணுக்குப் பின்னாடி நிக்கணும், தம்பி ரெண்டு முடிச்சு போட்டதும் மூணாவது நான் போடணும், எங்க வீட்டுப் பழக்கம் அது (சில வீட்ல மாப்பிள்ளைக்கு ஒண்ணு, நாத்தனாருக்கு ரெண்டு). "அக்கா ஃப்ரேம்ல வர்றீங்க, கொஞ்சம் தள்ளிக்கோங்க"ன்னார் போட்டோகிராஃபர். தள்ளினேன். அதுக்குள்ள கெட்டிமேளம், அட்சதை, தம்பி பதட்டத்துல மூணையும் அவனே போட்டுட்டான். பக்கத்துலயே அடுத்த ஜோடி மாலையோட நிக்கறாங்க, அவுத்துட்டு திரும்பப் போடுன்னா சொல்ல முடியும்? விளக்கோட ஓரமா நின்ன எனக்கு ஆல்பத்துல ஒரு போட்டோ கூட இல்ல.

இதுக்குப் போயி ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கேன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டார். அந்த ஒரு முடிச்சுதாங்க, இவ இனிமே எங்க வீட்டுப் பொண்ணுன்னு ஊர் முன்னாடி நான் ஒத்துக்கறது. நாளைக்கு தம்பி அவகிட்ட ஏறுக்கு மாறா நடந்தா, முடிச்சு போட்டவன்னு நான் போய் அவனைக் கேக்கலாம் இல்லையா.

யோசிச்சுப் பார்த்தா நம்ம சடங்கு எல்லாமே யாரோ ஒரு சொந்தக்காரங்களுக்கு வேலை வெக்கறதுதான். பந்தக்கால் நட சுமங்கலிங்க, மாலை போட தாய்மாமன், ஓமத்துல போட பொண்ணு கையில பொரி அள்ளி வெக்க அவ கூடப்பொறந்தவன், கட்டிக் குடுத்துட்டாலும் நாங்க கூடத்தான் இருக்கோம்னு அர்த்தம். அம்மி மிதிக்கறப்ப மாப்பிள்ளை குனிஞ்சு பொண்டாட்டி காலைப் புடிக்கறான், "இந்தக் கல்லு மாதிரி உறுதியா இரு"ன்னுதான் அந்த மந்திரத்துக்கு அர்த்தம். ஃப்ரெண்ட்ஸ் விசில் சத்தத்துல ஐயர் சொன்னது யார் காதுலயும் விழல. (தாரை வார்க்கறது பொண்ணை தானமா குடுக்கறதான்னு என் பொண்ணு சண்டைக்கு வர்றா, அதுக்கு இன்னும் என்கிட்ட பதில் இல்ல, அது வேற லெட்டர்.)

அருந்ததி பார்த்தது மண்டபத்துல, எல்இடி லைட்டுக்கு நேரா கையக் காட்டினார் ஐயர், எல்லாரும் சிரிச்சோம். ஆனா அந்தக் காலத்துல கல்யாணத்தன்னிக்கு ராத்திரி நட்சத்திரம் வந்தப்புறம்தான் துருவனையும் அருந்ததியையும் காட்டுவாங்களாம், நாமதான் பகலுக்கு மாத்திட்டோம். சப்தரிஷி மண்டலத்து வால்ல நடு நட்சத்திரம் வசிஷ்டர், அவரை ஒட்டி மங்கலா தெரியறது அருந்ததி, கண்ணு நல்லா இருந்தாத்தான் தனியா பிரியும்.

போட்டோகிராஃபரைக் குறை சொல்லல, பாவம் அவரு, நாமதான் காசு குடுத்து கூப்பிடறோம், வீடியோல பொண்ணு மாப்பிள்ளை மட்டும் தெரிஞ்சா போதும்னு நாமளேதான் சொல்றோம். சடங்குக்கு என்ன அர்த்தம்னு முகூர்த்த மாசத்துலயாவது வாரம் ஒண்ணு நீங்க போடலாம்.

வர்ற தைல எங்க பெரியப்பா பேத்திக்கு கல்யாணம், அதே மலைதான், முகூர்த்தம் 4.30-6. அட்வான்ஸ் குடுக்கறப்பவே சொல்லிட்டோம், தாலி கட்டு முடியற வரைக்கும் யாரையும் தள்ளிக்கோன்னு சொல்லக்கூடாதுன்னு. தைல விடிகாலை 5 மணிக்கு சப்தரிஷி மண்டலம் வடக்குல நல்லா மேல நிக்கும், மேகம் இல்லன்னா பொண்ணு மாப்பிள்ளைய வெளிய கூட்டிட்டு வந்து நிஜ அருந்ததியவே காட்டச் சொல்லி ஐயர்கிட்டயும் பேசியாச்சு, சிரிச்சுக்கிட்டே சரின்னுட்டார்.

இப்படிக்கு,
ஒரு நாத்தனார்,
மஞ்சக்குப்பம், கடலூர்.