கிழட்டு எலிகளோடு காலம் தள்ளுகிறேன்

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன், திட்டாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. உன் பதவி உயர்வு எனக்கு ஆச்சரியமே இல்லை, அவர்களுக்குத்தான் புரிய இவ்வளவு காலம் ஆயிற்று.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். லூபஸ், முடக்குவாதம், தைராய்டு என்று உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் நோயெல்லாம் ஏன் பெண்களையே பிடிக்கிறது, ஹார்மோன்தானே காரணம் என்று கேட்டிருந்தாய். இந்த நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள் என்பது உண்மை. லூபஸில் பத்துக்கு ஒன்பது. ஹார்மோனுக்குப் பங்கு இல்லாமல் இல்லை. ஆனால் பெண்ணுக்கு எக்ஸ்எக்ஸ், ஆணுக்கு எக்ஸ்ஒய் என்பதுதானே வழக்கம், ஓர் எக்ஸ் கூடி எக்ஸ்எக்ஸ்ஒய் குரோமோசோம்களோடு பிறக்கும் ஆண்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிட ஏறத்தாழ 14 மடங்கு. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோனும் குறைவு என்பதால் வழக்கு அதோடு முடியவில்லை. இருந்தாலும் அந்தக் கூடுதல் எக்ஸ் மேல் சந்தேகம் வரத்தானே செய்யும்?

எக்ஸ் குரோமோசோமில் டிஎல்ஆர்7 என்று ஒரு மரபணு இருக்கிறது. வைரஸின் ஆர்என்ஏவை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. பெண்ணின் செல்களில் இரண்டு எக்ஸில் ஒன்று அடக்கி வைக்கப்படும். ஆனால் நோயெதிர்ப்பு செல்கள் சிலவற்றில் இந்த மரபணு மட்டும் அடங்காது, இரண்டு பிரதியும் வேலை செய்யும். 2011இல் அமெரிக்காவில், டென்வரில் ஃபிலிப்பா மாராக்கின் குழுவும் பென்சில்வேனியாவில் மைக்கேல் கான்க்ரோவின் குழுவும் கிழட்டு எலிகளில் ஒரு விசித்திரமான பி செல் (ஆன்டிபாடிகளை உண்டாக்கும் நோயெதிர்ப்பு செல்) கூட்டத்தைக் கண்டார்கள். மாராக் குழு பார்த்தது வயதான பெண் எலிகளில். டிஎல்ஆர்7 இல்லாத எலிகளில் அந்தக் கூட்டம் சேரவே இல்லை. பிறகு லூபஸ் நோயாளிகளிடமும் இதே மாதிரி செல்கள் அகப்பட்டன.

நான் இப்போது துரத்திக்கொண்டிருப்பது இவற்றைத்தான். எலியின் மண்ணீரலைச் சல்லடையில் வைத்து சிரிஞ்சின் பின்பக்கத்தால் நசுக்கி, சிவப்பணுக்களை உடைத்துக் கழுவி, ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடிகளைச் சேர்த்து ஃப்ளோ சைட்டோமீட்டரில், அதாவது செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு எண்ணும் கருவியில், விடுவோம். ஒவ்வொரு செல்லும் திரையில் ஒரு புள்ளி, நான் தேடும் செல்கள் ஒரு மூலையில் விழும். பத்து வார எலியில் அந்த மூலை ஏறக்குறைய காலி. வயதான பெண் எலியில் அதே மூலை நிரம்பிக் கிடக்கும்.

இந்த வேலை ஒரு நாள்தான். எலிக்கு வயதாவதற்குத்தான் ஒன்றரை, இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். இதற்குள் சில செத்துப்போகும், சிலவற்றை அறுத்துப் பார்த்தால் உள்ளே கட்டி, கணக்கிலேயே சேர்க்க முடியாது. ஆண் எலிகள் ஒரே கூண்டில் கடித்துக்கொள்ளும், பிரித்தே வைக்க வேண்டும். தனிமையும் நோயெதிர்ப்பை மாற்றும். அப்புறம் நான் அளப்பது ஆண் பெண் வித்தியாசத்தையா, தனிக்குடித்தனத்தின் வித்தியாசத்தையா?

ஹார்மோனா குரோமோசோமா என்று பிரித்துப் பார்க்கவென்றே ஓர் எலி இனம் உண்டு. விந்தகத்தை உருவாக்கும் எஸ்ஆர்ஒய் மரபணுவை ஒய்யிலிருந்து நீக்கி வேறொரு குரோமோசோமில் வைத்துவிட்டார்கள். அதனால் வழக்கமான இரண்டோடு, விந்தகத்தோடு எக்ஸ்எக்ஸ், சூலகத்தோடு எக்ஸ்ஒய் என்று நான்கு வகையும் பிறக்கும். அழகான கருவி. எத்தனையோ ஆய்வுகள் அதை நம்பி நடந்தன. 2024இல் ஒரு குழு உட்கார்ந்து பார்த்தால், பரவலாக விற்கப்படும் அந்த எலிகளின் ஒய்யில் எக்ஸின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒன்பது மரபணுக்களோடு. அதில் ஒன்று எது தெரியுமா? டிஎல்ஆர்7! ஒரே ஒரு எக்ஸ் உள்ள எலிக்கும் இரண்டு பிரதி. 'எக்ஸ்எக்ஸுக்கும் எக்ஸ்ஒய்க்கும் வித்தியாசமில்லை' என்று அந்த எலிகளை வைத்து யாராவது எழுதியிருந்தால், எலி எங்கிருந்து வந்தது என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஆய்வகக் கூட்டத்தில் இதைப் படித்த அன்று யாரும் சிரிக்கவில்லை.

அதே வருடம் ஸ்டான்ஃபோர்டிலிருந்து இன்னொன்று வந்தது. எக்ஸை அடக்கும் எக்ஸ்ஐஎஸ்டி என்ற ஆர்என்ஏவை ஆண் எலிகளில் உற்பத்தியாகச் செய்து, நோயைத் தூண்டினால், லூபஸ் போன்ற நோய் கிட்டத்தட்ட பெண் எலிகள் அளவுக்கே வந்தது. ஆக, அடங்காத மரபணு ஒரு பக்கம், அடக்கும் ஏற்பாடே இன்னொரு பக்கம். இதைப் போய் 'பெண்களின் நோயெதிர்ப்பு சக்தி வலிமையானது' என்று ஒரே வரியில் முடிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான்.

ஆண்கள் தப்பித்தார்கள் என்று உன் வீட்டுக்காரர் நினைக்க வேண்டாம். 70 வயது ஆண்களில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டோரின் ரத்த வெள்ளணுக்களில் சில, ஒய் குரோமோசோமையே தொலைத்துவிடுகின்றன. அப்படிப்பட்ட ரத்த செல்களை எலிக்குள் வைத்தபோது இதயத் தசை தழும்பேறிப் போனது என்று 2022இல் எழுதினார்கள். இதை அவரிடம் சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்.

அடுத்த தொகுதி எலிகளுக்கு இன்னும் வயதாகவில்லை, அதனால் இப்போதைக்கு நான் ஓரளவு சும்மாதான் இருக்கிறேன். ஒரு வாரம் கிளம்பி வாயேன், பையனையும் கூட்டிக்கொண்டு. அவன் பயாலஜிதான் படிப்பேன் என்று நிற்பதாக எழுதியிருந்தாயே, ஒரு நாள் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வைக்கிறேன். தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி