குறுமைப் பெயரடைகள் பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. லத்தீன் வகுப்பு இரண்டாம் ஆண்டுக்கு நகர்ந்ததில் மகிழ்ச்சி. பிள்ளைகள் 'பவ்பெர்குலிபுஸ்' என்று எழுதுகிறார்கள் என்றாயே, அது எல்லா வகுப்பிலும் வரும் பிழைதான். பவ்பெர் (ஏழை), வேற்றுமைக்கேற்ப ஈறு மாறும் வகைகளில் மூன்றாம் திரிபு. 'சின்ன' என்ற பொருள் தரும் குறுமை விகுதி ஏறி பவ்பெர்குலுஸ் ஆனதும் அந்தப் பழக்கம் போய்விடும். மூலச்சொல் எந்தத் திரிபாயிருந்தாலும் குறுமைப் பெயரடை -உஸ், -அ, -உம் என்று போனுஸ் (நல்ல) போலவே திரியும். ஆகவே நான்காம் வேற்றுமைப் பன்மை பவ்பெர்குலிஸ். மாயோர் (பெரிய) ஒப்பீட்டு வடிவிலிருந்து வரும் மாயுஸ்குலுஸ், 'சற்றே பெரிய', அதற்கும் இதே வாய்பாடுதான். ஆறாம் வேற்றுமை மாயுஸ்குலி; 'மாயுஸ்குலோரிஸ்' கிடையாது.

விகுதி சேர்வதில்தான் கவனம் வேண்டும். பார்வுஸ் (சிறிய), பார்வுலுஸ் ஆகும். அவுரெயுஸ் (பொன்னாலான) போல ஈற்றுக்கு முன்னே உயிர் நின்றால் -ஒலுஸ்: அவுரெயொலுஸ். போனுஸ் போலத் திரியும் சொல் -எர் என முடிந்தால் ர், ல் ஆகி இரட்டிக்கும்: மிசெர் (பாவப்பட்ட), மிசெல்லுஸ், புல்கெர் (அழகிய), புல்கெல்லுஸ். மிசெருக்கு விளி மிசெர்தான், ஆனால் மிசெல்லுஸுக்கு மிசெல்லெ. ரோமக் கவிஞர் கட்டுல்லுஸ் செத்த குருவியை 'ஓ மிசெல்லெ பாஸ்ஸெர்' (ஐயோ பாவக் குருவியே) என்று விளிக்கிறார். இரண்டு சொல்லின் ஈறும் ஒலியில் ஒத்துப்போகவில்லையே என்று பிள்ளைகள் திகைப்பார்கள். பால், எண், வேற்றுமை மூன்றும் ஒத்தால் போதும்.

-உலுஸ் என்று முடிவதெல்லாம் குறுமையும் அல்ல. கர்ருலுஸ் (வாயாடியான), க்ரேதுலுஸ் (எளிதில் நம்பும்) வினையிலிருந்து பிறந்தவை. அகராதி பார்க்காமல் 'சின்னஞ்சிறு' என்று மொழிபெயர்த்தால் கெட்டது.

பாடத்துக்கு ரோமப் பேரரசர் ஹத்ரியான் பெயரில் வழங்கும் கவிதையை எடு. 'அனிமுலா வாகுலா ப்லாந்துலா' (அலையும் இனிய சின்ன உயிரே) மூன்றும் பெண்பால் ஒருமை, சந்தேகமில்லை. பின்னால் வரும் 'பல்லிதுலா ரிகிதா நூதுலா' (வெளிறிய, விறைத்த, வெறுமையான) எதற்கு அடை? அனிமுலாவுக்கா, முன்னால் நிற்கும் லோகாவுக்கா (இடங்கள்)? லோகுஸ் ஒருமையில் ஆண்பால், பன்மையில் லோகா என்று நடுப்பாலாகிவிடும். பெண்பால் ஒருமை எழுவாயின் ஈறும் நடுப்பால் பன்மை ஈறும் ஒரே குறில் அ என்பதால் யாப்பும் கைகொடுக்காது. அறிஞர்களிடையே இது பழைய சண்டை. ரிகிதா, 'விறைத்த', இடங்களுக்கே பொருந்துகிறது என்பது என் கட்சி. நீ தேர்வில் கேட்டால் காரணம் சொல்லும் இரு விடைக்கும் முழு மதிப்பெண் கொடுத்துவிடு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்