அக்னி வசந்த விழாவின் கூத்து இரவுகளைப் பெங்களூரு உறவுகள் காப்பாற்ற வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பங்குனி நெருங்கும்போது ஸ்ரீராமபுரம், ஓகளிபுரம், அல்சூர், சிவாஜிநகர் பகுதிகளில் வசிக்கும் வடாற்காட்டுத் தமிழர்களின் வீடுகளுக்குச் சொந்த ஊரிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகைகள் வரத் தொடங்கும். செய்யாறு, வந்தவாசி, ஆரணி, போளூர் வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்கள் பலவற்றில் அக்னி வசந்த விழா நடைபெறும் காலம் அது. பத்திரிகையோடு வரிக் கணக்கும் வந்து சேரும். ஊரை விட்டு வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்ட குடும்பங்களும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் விதிக்கும் தலைக்கட்டு வரியை மறுப்பதில்லை. வரிக்கு மேல் நன்கொடையும் கொடுக்கிறார்கள். அவ்வாறு நாம் அனுப்பும் பணமும், அதோடு நாம் வைக்கும் நிபந்தனைகளும் அந்த விழாவை என்ன செய்கின்றன என்பதைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இவ்விழாவில் பகலில் வில்லிபாரதத்தை அடியொற்றிய பாரதப் பிரசங்கமும், இரவில் அக்கதையையொட்டிய தெருக்கூத்தும் நடைபெறுவது வழக்கம். துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம் என்று இரவுக்கு இரவு கதை வளர்ந்து, பதினெட்டாம் போர் முடிகிற விடியற்காலையில் படுகளத்துக்கு வந்து சேரும். அங்கே தரையில் மண்ணால் வனைந்த துரியோதனனின் பெரிய உருவம் மல்லாந்து கிடக்கும். வேஷம் கலைக்காத பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றி ஓடிப் போரிட, தொடை பிளக்கப்பட்டு, உள்ளே புதைத்து வைத்திருக்கும் செந்நீரைத் தொட்டுத் திரௌபதி கூந்தலை முடிப்பாள். அன்று மாலையே தீமிதி. சபையில் அவள் கூந்தல் அவிழ்ந்த இரவிலிருந்து தொடர்ந்து பார்த்து வருகிறவர்களுக்குத்தான் அந்தக் கூந்தல் முடிப்பு நெஞ்சில் இறங்கும். இடைப்பட்ட இரவுகளை எடுத்துவிட்டுப் படுகளத்தை மட்டும் வந்து பார்ப்பவர்கள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதைக் குறை சொல்லிப் பயனில்லை.

வந்தவாசிக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில் பத்து இரவுகள் நடந்துவந்த கூத்து, சென்ற சித்திரையில் மூன்று இரவுகளாகச் சுருங்கியது. பெங்களூருக்காரர்களுக்குச் சனி, ஞாயிறுதான் தோதுப்படும் என்று விழாக் குழுவினர் காரணம் சொன்னார்கள். மிச்சப்பட்ட தொகையில் ஓர் இரவு திரைப்பாடல்களுக்கு ஆடும் ஆடல் பாடல் நிகழ்ச்சி நடந்தது. கோயில் வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நன்கொடையாளர்களின் படம் போட்ட ஃபிளெக்ஸ் தட்டிகள் நின்றன. அவற்றில் பெரும்பாலானவை நம் பெங்களூரு உறவுகளுடையவை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

அந்த மூன்று இரவுகளில் ஒன்றில், பள்ளிக்கூடத் திண்ணையில் துரியோதன வேஷக்காரர் தயாராவதை அருகில் இருந்து பார்த்தேன். முகத்தில் சிவப்பு அரிதாரம் பூசி, வெள்ளைப் புள்ளிகள் வைத்து, மீசையை எழுதி முடிக்கவே நெடுநேரம் ஆயிற்று. அதன்பின், கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் ஜிகினாத் தாளும் ஒட்டிய கிரீடத்தையும் புஜகீர்த்தி எனும் தோள் அணியையும் மார்ப்பதக்கத்தையும் இரண்டு பேர் சேர்ந்து கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். இவ்வளவுக்கும் பிறகு அவர் கூத்தாடும் இடமான களரிக்கு வந்து, இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடத் தொடங்கினார். திரைக்குக் கீழே சலங்கை கட்டிய கால்கள் மட்டுமே தெரிய, முகவீணையும் மிருதங்கமும் ஏறிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் ஒருவர் ஒலிவாங்கியை வாங்கி, அன்பளிப்புக் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலை வாசிக்கலானார். திரை விலகும் வரை சபையை ஏங்க வைக்கும் அந்தப் பிரவேசம்தான் கூத்தின் உயிர்நிலை. அதைப் பாதியில் நிறுத்தும்படி எவரும் அந்த நடிகரைக் கேட்டிருக்கக் கூடாது.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதியையும் சிலர் காரணமாகக் காட்டுகிறார்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், விழாக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்வு அளிக்க மாநில அரசுக்கு இடம் தருகின்றன. விதியை மதித்து, உரிய காலத்தில் மனுச் செய்து, அனுமதி கிடைக்கும் நேரத்துக்கு ஏற்றபடி மாலையிலேயே கூத்தைத் தொடங்கலாம். நேரம் குறைவது வேறு, இரவுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது வேறு.

இரவுகள் குறைந்தால் முதலில் அடிபடுகிறவர்கள் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள். ஜமா எனப்படும் கூத்துக் குழுவில் சேரும் சிறுவன் முதலில் பின்பாட்டு நிற்பான், தாளம் போடுவான், முன்னிரவில் சிறு வேஷம் கட்டுவான். வாத்தியார் மர அணிகள் பூண்டு ஆடும் கட்டை வேஷத்தை இரவெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் பெரிய வேஷத்துக்கு வருவான். மூன்றே இரவுகள் என்றால் எந்த வாத்தியாரும் தேர்ந்த நடிகர்களை வைத்துத்தான் ஆட்டத்தை நடத்துவார். பிள்ளைகளுக்குக் களரியில் இடம் இராது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்ற பெருங்கலைஞர்கள் உருவானது இத்தகைய கிராமத்து இரவுகளில்தான். 1977இல் நாடகாசிரியர் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது இக்கலையிடமிருந்துதான் வலிமை பெற்றார். 1990இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், ஆண்களே ஆடிவந்த இக்கலையைப் பெண் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தது. அவர்கள் எல்லாரும் ஆடுவதற்கு ஊர்கள் வேண்டும்.

கலைஞர்களின் பிழைப்பும் இதில்தான் இருக்கிறது. பங்குனி முதல் ஆடி வரையிலான விழாக்கால வருமானத்தை வைத்தே பலர் ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்துகிறார்கள். 2020இல் ஊரடங்கு சரியாக அந்த மாதங்களில் வந்து விழுந்தபோது அவர்கள் பட்ட பாட்டை ஊரோடு தொடர்பில் உள்ளவர்கள் அறிவார்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது; அரசின் உதவி தேவைதான். ஆனால் எந்த உதவித்தொகையும் ஊரார் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும் இரவுக்கு ஈடாகாது.

பெங்களூருவில் இருக்கும் நமக்கு நல்ல முன்மாதிரிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. சித்திரைப் பௌர்ணமியில் தர்மராய சுவாமி கோயிலிலிருந்து புறப்படும் கரகமும் திரௌபதிக்கு எடுப்பதே. இந்நகரம் எவ்வளவு மாறினாலும், திகளர் சமூகத்தார் முன்னின்று நடத்தும் அந்த விழா இரவு முழுவதும் வீதிகளைச் சுற்றி வருகிறது. கடலோரக் கர்நாடகத்தில் கட்டீல் துர்கா பரமேஸ்வரி கோயிலின் யட்சகான மேளத்தை, அதாவது ஆட்டக் குழுவை, பாருங்கள். அங்கே ஓர் இரவு ஆட்டத்தை முழுவதுமாக ஏற்று நடத்துவதே ஒரு குடும்பத்தின் நேர்த்திக்கடன். அதற்குப் பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள்.

நாமும் அவ்வாறே செய்யலாம். பத்து வீட்டார் சேர்ந்தோ, வசதியுள்ள ஒரு குடும்பம் தனித்தோ, ஃபிளெக்ஸ் தட்டிக்கும் ஆடல் பாடலுக்கும் கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஓர் இரவுக் கூத்தின் செலவை நேர்த்திக்கடனாக ஏற்றுக்கொள்ளட்டும். அத்தொகை இன்ன கூத்துக்கு என்று விழாக் குழுவிடம் எழுத்தில் கொடுக்கட்டும். நன்கொடையாளர் பெயரைக் கூத்து தொடங்குமுன், கதையை அறிவிக்கும் கட்டியங்காரன் ஒருமுறை சொன்னால் போதும். நாம் சனி, ஞாயிறு மட்டுமே போக முடிந்தாலும், மற்ற இரவுகளில் ஊரில் இருக்கிறவர்கள் பார்க்கட்டும். நம் விடுமுறைக்காக அவர்களுடைய விழாவைச் சுருக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஜமாக்களுக்குத் தை, மாசியிலேயே அச்சாரம் கொடுத்தாக வேண்டும் என்பதால், இதை இப்போதே ஊருக்குப் பேசி முடிவு செய்வது நல்லது. தங்கள் நாளிதழின் பெங்களூருப் பதிப்பில், தை மாதம் தொடங்கி, எந்த ஊரில் எந்த நாளில் எந்தக் கூத்து என்ற விவரத்தை விழாக் குழுக்களிடமிருந்து பெற்று வாரம் ஒருமுறை வெளியிட்டால், இங்கிருந்து செல்பவர்களுக்கும் ஜமாக்களுக்கும் பேருதவியாக இருக்கும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு.