பயிற்றுவிப்பாளரின் பெயரையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எமது மாவட்டப் பிள்ளைகளின் வெற்றிச் செய்தி தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவரும்போது, வென்றவரின் பெயரும் பாடசாலையின் பெயரும் அதிபரின் பெயரும் பதக்கம் அணிவித்த பிரதம அதிதியின் பெயரும் தவறாமல் இடம்பெறுகின்றன. பயிற்றுவித்தவரின் பெயர் மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. இது பற்றி எழுத என்னைத் தூண்டியது ஜப்பானிய ஜூடோ வீரர் கொசெய் இனோவேயின் வாழ்க்கை.

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 100 கிலோ எடைப் பிரிவில் தங்கம் வென்ற அவர், முந்திய ஆண்டில் காலமான தம் தாயாரின் படத்தை மேடையில் உயர்த்திப் பிடித்ததைப் பலர் அறிவர். 2004இல் ஏதென்ஸிலிருந்து பதக்கமின்றித் திரும்பியதும், 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தெரிவாகாமல் ஓய்வுபெற்றதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதன்பின் பிரித்தானியாவுக்குச் சென்று பயிற்றுவிப்பைக் கற்றுவந்த அவரிடம், 2012 லண்டனில் ஜப்பானிய ஆண்கள் ஜூடோ அணி முதன்முறையாக ஒரு தங்கமும் பெறாமல் திரும்பிய பிறகே, அவ்வணி ஒப்படைக்கப்பட்டது. ரியோவில் ஏழு எடைப் பிரிவுகளிலும் பதக்கம் கிடைத்தது. டோக்கியோவில் ஐந்து தங்கம்.

இவற்றைவிட என் மனதில் தங்கியது வேறொன்று. 2020 பெப்ரவரியில் டோக்கியோவுக்கான அணி அறிவிக்கப்பட்டபோது, தெரிவானவர்களைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில், மயிரிழையில் வாய்ப்பை இழந்தவர்களின் முகங்களே நினைவுக்கு வருவதாகக் கூறி அவர் ஊடகங்களின் முன்னிலையில் கண்ணீர் விட்டார்.

ஜூடோவில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதற்பாடமே விழுவதுதான்: நாடியை நெஞ்சோடு ஒட்டி, விழும் கணத்தில் கையை விரித்து மெத்தையில் அறைந்து, தலை தரையில் படாமல் காத்துக்கொள்ளவேண்டும். இந்தப் பாடத்தைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பவரை மைதானத்துக்கு வெளியே எவருக்கும் தெரியாது. (பிரதம அதிதிகள் பொறுத்தருள்க, அவர்கள் எந்தப் பிள்ளையையும் விழப் பழக்கியதில்லை.) திருகோணமலையில் ரியூசன் முடிந்து களைத்துவரும் பிள்ளைகளை மாலை வேளைகளில் பயிற்றுவிப்போரில், ஒரு காலத்தில் தாமே பதக்கம் வென்றவர்களும் உளர். மாகாணப் போட்டியில் தோற்ற பிள்ளையின் வீட்டுக்குச் சென்று, சாதாரண தரப் பரீட்சையைக் காரணங்காட்டித் தயங்கும் பெற்றோரிடம் பேசி, மீண்டும் பயிற்சிக்கு அழைத்துவருவதும் இவர்களே.

ஆகவே, வெற்றிச் செய்திகளில் பயிற்றுவிப்பாளருக்கு ஒரு வரியாவது ஒதுக்குமாறும், இடம் போதாவிடின் அதிதியின் பெயரை விடுத்தேனும் அதனைச் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். பாடசாலைகள் அனுப்பும் செய்திக்குறிப்பில் அப்பெயர் இல்லையெனில், பிரசுரிக்கும் முன் கேட்டுப் பெறுமாறு தங்கள் பிரதேச நிருபர்களுக்கு அறிவுறுத்தலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.