எங்கள் செடித்தாள்களைக் காய வைத்துத் தந்தவர்களுக்கு

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், எங்கெங்கிருந்தோ வந்து கை கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18-ல் வந்த வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் என்ன நடந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. எல்லாரும் சேர்ந்துதான் அனுபவித்தோம். பள்ளி மறுபடியும் திறந்துவிட்டது, என் பிள்ளைகள் ஒருவர் விடாமல் திரும்பி வந்துவிட்டார்கள். அந்த நிம்மதி ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வகுப்பறைகளில் கிடந்த சேற்றை மண்வெட்டியால் வாரிக் கொட்டிய தெருப் பையன்கள், மதுரைப் பக்கமிருந்து வேன் பிடித்து வந்த கல்லூரி மாணவர்கள், வயலில் வாழை சாய்ந்து கிடந்தபோதும் மோட்டாரைக் கொண்டுவந்து பள்ளிக் கிணற்றை இறைத்துக் கொடுத்த விவசாயிகள், நோட்டும் பையும் செருப்பும் அனுப்பியவர்கள், அடுப்பு பற்றாத ஈர விறகை ஊதி ஊதியே பிள்ளைகளுக்குச் சுடுசோறு போட்ட சத்துணவு அக்காக்கள் என்று எத்தனையோ பேர். பாதிப் பேருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. உங்கள் எல்லாருக்கும் எங்கள் பள்ளியின் நன்றி.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் ஒரு உதவியைத் தனியாகச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. பேருந்து நிறுத்தத்துப் புளியமரத்தடியில் துணி தேய்க்கும் அண்ணாச்சி செய்த உதவி அது.

எங்கள் செடித்தாள்களைப் பற்றிச் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் ஆற்றங்கரை, வாய்க்கால் வரப்பு, செம்மணல் மேடான தேரிக்காடு என்று அலைந்து செடிகளைச் சேகரித்து, செய்தித்தாள்களுக்கு இடையே அழுத்தி உலர்த்தி, 42-க்கு 28 சென்டிமீட்டர் கெட்டி அட்டைத்தாளில் ஒட்டி வைத்தவை. ஹெர்பேரியம் என்று பாடப்புத்தகம் சொல்லும். பிள்ளைகள் வைத்த பெயர் செடித்தாள். ஒவ்வொரு தாளிலும் வலது கீழ் மூலையில் செடியின் பெயர், எடுத்த இடம், தேதி, சேகரித்தவர் பெயர் நான்கும் இருந்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் அது வெறும் காய்ந்த இலைதான் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

இதைத் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. புத்தகத்தில் ஆணிவேர், சல்லிவேர் என்று படம் போட்டிருக்கும், பிள்ளைகளும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். வயலுக்குக் கூட்டிப்போய் ஒரு நெல் நாற்றையும் ஒரு குப்பைமேனியையும் பிடுங்கி அருகருகே வைத்தால் அதை அப்புறம் யாரும் மறப்பதில்லை. கீழாநெல்லியைச் சேகரித்த ஏழாம் வகுப்புப் பெண் அந்தச் சின்னக் கிளையைத் திருப்பிப் பார்த்து, "டீச்சர், காயெல்லாம் இலைக்கு அடியில ஒளிஞ்சிருக்கு" என்று கத்தினாள். பெயருக்கான காரணத்தை நான் சொல்லாமல் அவளே கண்டுபிடித்தாள். ஆசிரியர் வேலையில் இதைவிடப் பெரிய சம்பளம் எனக்கு இல்லை.

தண்ணீர் வடிந்து பீரோவைத் திறந்தபோது அந்தத் தாள்கள் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தன. ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய பெயர்ச்சீட்டுகள் கரைந்து வெறும் நிறமாகிவிட்டன. பென்சிலில் எழுதியவை அப்படியே இருந்தன. பென்சில் கரி தண்ணீரில் கரையாது. பெயர்ச்சீட்டைப் பென்சிலில்தான் எழுத வேண்டும் என்று அடம்பிடித்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இங்கே ஒரு நன்றி.

ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும், இலை கறுத்து உதிர்ந்துவிடும். மின்சாரம் இல்லை, வெயிலும் இல்லை. வீடு இழந்தவர்கள் பள்ளி வராந்தாவிலேயே தங்கியிருந்த நேரம் அது. அவர்கள் முன்னால் காய்ந்த இலைக்காகக் கவலைப்படுவதை வாய்விட்டுச் சொல்லவும் எனக்குக் கூச்சமாக இருந்தது. பிள்ளைகளும் நானும் சத்தமில்லாமல் ஒரு ஓரத்தில் தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

அண்ணாச்சியின் தள்ளுவண்டியும் அப்போது பள்ளி மேட்டில்தான் நின்றது. அவர் வீட்டுச் சுவரும் இடிந்திருந்தது. எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். "என்ன தாயி, இலையில ஈரம் எடுக்கணுமா?" என்றார். ஆமாம் என்றேன். "அதுக்கு ஏன் இப்படி முழிக்கீய? நம்ம பெட்டிக்குக் கரண்டு வேண்டாமே" என்றார்.

பரணில் நனையாமல் தப்பிய ஒரு சாக்குச் சிரட்டைக்கரி அவரிடம் இருந்தது. பித்தளைப் பெட்டியில் கரியைப் போட்டு, விசிறிக் கனல் ஆக்கி, ஈரத் துணியால் அடியைத் துடைத்தார். விரலில் தண்ணீர் தொட்டுச் சுண்டி, அந்தச் சத்தத்தை வைத்தே சூட்டைப் பார்த்தார். "இது காட்டனுக்கு உள்ள சூடு. இலைக்கு ஆகாது" என்று பெட்டியைக் கல்லின் மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். அப்புறம் செடியின் மேல் செய்தித்தாள், அதன் மேல் பழைய வேட்டித் துண்டு, அதற்கு மேல்தான் பெட்டி. ஒரு இடத்திலும் இழுத்துத் தேய்க்கவில்லை. ஒத்தி ஒத்தி எடுத்தார். தாள் ஈரத்தை இழுத்ததும் மாற்றச் சொல்வார். தொட்டாற்சுருங்கியின் ரோஸ் நிறப் பூவுக்குப் பெட்டியின் மூக்கு நுனியை மட்டும் காட்டினார். தேரியில் எடுத்த உடைமரக் கிளையில் முள் நீளமாக இருக்கும். அந்த முள் துணியைக் கிழிக்காதபடி இரண்டு பக்கமும் துணியை மடித்து அண்டை கொடுத்தார். கல்லூரியில் தாவரவியல் படித்தவள் நான். இவ்வளவு பொறுமையாகச் செடி உலர்த்தியவரை நான் எங்கும் கண்டதில்லை.

பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். இத்தனை வீட்டுத் துணி கலக்காமல் எப்படி அடையாளம் வைப்பீர்கள் என்று ஒருவன் கேட்டான். அவருடைய அப்பா காலத்தில் சேங்கொட்டையில் ஊசியால் குத்தி எடுக்கிற பாலால் துணி ஓரத்தில் புள்ளி வைப்பார்களாம். "துணி இத்துப் போனாலும் புள்ளி போகாது. ஆனா கையில பட்டா கொப்புளம்" என்றார். சேங்கொட்டை மரமும் மாவும் முந்திரியும் ஒரே குடும்பம். முந்திரிக்கொட்டையின் தோல் எண்ணெய் பட்டால் கை வெந்துபோவது தேரிக்காட்டுப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். நான் எடுத்துச் சொல்வதற்குள் ஒரு பெண்ணே இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். பட்டுச்சேலைக்குப் பூந்திக்கொட்டை நுரைதான் நல்லது என்று அவர் அடுத்த பாடத்தை ஆரம்பித்தார். அழுதுகொண்டும் பயந்துகொண்டும் இருந்த பிள்ளைகள் அன்றைக்குத்தான் பழையபடி கேள்வி கேட்டார்கள்.

பாதிக்கு மேல் தாள்கள் பிழைத்துவிட்டன. பணம் கொடுக்கப் போனதற்குக் கோபித்துக்கொண்டார். கரிக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றதற்கும் தலையாட்டி மறுத்துவிட்டார்.

அண்ணாச்சி, நீங்கள் காப்பாற்றியது என்ன என்பதை இங்கே எல்லாரும் கேட்கச் சொல்கிறேன். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய செடிகளும் அங்கே தாளில் ஒட்டி இருக்கின்றன. ஒரு செடி ஒரு காலத்தில் எங்கே வளர்ந்தது என்று தெரிய வேண்டுமானால் இன்றும் அந்தத் தாளைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். எங்களுடையது சின்னப் பிள்ளைகளின் வேலைதான். ஆனாலும் வெள்ளத்துக்கு முன்னால் இந்தக் கரையில் எந்த வரப்பில் பொடுதலை படர்ந்திருந்தது, எந்த வளைவில் நாணல் நின்றது என்பதற்கு இடமும் தேதியும் போட்ட சாட்சி நம் ஊரில் அந்தத் தாள்கள் மட்டும்தான். கரையே பல இடத்தில் உருமாறிவிட்டது. இனி அங்கே எது திரும்ப முளைக்கிறது, எது வரவில்லை, எந்தப் புதுச்செடி வந்து குடியேறுகிறது என்று பிள்ளைகள் பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறார்கள். அந்தப் பாடம் உங்களால்தான் நடக்கப்போகிறது.

ஒரு முடிவும் எடுத்திருக்கிறேன். இனி செடிப்பாடம் என்னோடு மட்டும் நிற்காது. மாதம் ஒருவர் வகுப்புக்கு வந்து சொல்லித் தரவேண்டும். பனையேறும் பெரியவர் ஆண்பனையையும் பெண்பனையையும் பாளையைப் பார்த்து எப்படிப் பிரிப்பது என்று காட்டட்டும். பத்தமடைப் பாய் நெய்பவர் கோரையைக் கிழித்துக் காட்டட்டும். வாழை விவசாயி ஒரு மரத்தைக் குறுக்கே வெட்டி, நாம் அடிமரம் என்று நினைப்பது இலைகளின் மடல் அடுக்குத்தான் என்பதைப் பிள்ளைகள் கையாலேயே உரித்துப் பார்க்க விடட்டும். தலைமை ஆசிரியர் சம்மதம் சொல்லிவிட்டார். முதல் வகுப்பு சேங்கொட்டையும் பூந்திக்கொட்டையும்தான். அண்ணாச்சி, காலையில் துணி வாங்கப் போகிற நேரம் தாண்டி வகுப்பை வைத்திருக்கிறேன், தட்டாமல் வரவேண்டும்.

பிழைத்த தாள்கள் ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் சேகரித்தவர் பெயருக்குக் கீழே "உலர்த்தியவர்" என்று ஒரு வரி சேர்த்து அவர் பெயரைப் பென்சிலில் எழுதியிருக்கிறார்கள். அந்த யோசனை முழுக்க அவர்களுடையது.

தேசிய அறிவியல் தினமான பிப்ரவரி 28 அன்று தாள்களை வராந்தாவில் விரித்து வைக்கிறோம். எல்லாரும் வாருங்கள். வரும்போது வெள்ளத்துக்கு அப்புறம் உங்கள் கொல்லையிலோ வயலிலோ தானாக முளைத்த செடி ஒன்றை வேரோடும் பூவோடும் எடுத்து, இடத்தையும் தேதியையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பென்சிலில் எழுதுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் பிள்ளைகளின் அறிவியல் ஆசிரியை