ஊதாக் கல்லும் பழைய பிசினும்

ஷெஃபீல்டு,
ஞாயிறு மாலை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முட்டி வலி பரவாயில்லை என்று ஒரு வரி, மாடி அறையை விட்டுக் கீழேயே படுக்கையைப் போட்டுக்கொண்டேன் என்று அடுத்த வரி. இதில் எதை நம்புவது? தங்கச்சியிடம் போனில் கேட்டு உண்மையைத் தெரிந்துகொள்கிறேன். இங்கே சாரதாவுக்கு அடுத்த மாதம் பணி ஓய்வு. எனக்குப் போட்டியாக இனி வீட்டில் இன்னொரு ஆள்.

போன வருஷம் நான் ஏமாந்த கதைதான் உனக்குத் தெரியுமே. பக்கத்து மாவட்டமான டெர்பிஷயரில் கிடைக்கும் ஊதாப் பட்டை போட்ட ஃபுளோரைட் கல்லுக்கு 'புளூ ஜான்' என்று பேர். ஏலத்தில் அந்தப் பேரில் சீட்டு ஒட்டியிருந்த ஜாடியை எடுத்து வந்து ஜன்னலோரம் வைத்தால், ஊதாப் பட்டைகளுக்கு நடுவே பளிச்சென்று பச்சை! சீனத்து ஃபுளோரைட். ஒரு கீறல் கிடையாது, ஒட்டு கிடையாது, கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. அந்த மினுமினுப்புக்குத்தான் காசு கொடுத்தேன். இப்போது அது குளியலறையில் சாரதாவின் சீப்புகளைச் சுமக்கிறது. "ஜியாலஜி படிச்சவன்டா நீ" என்று நீ சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. அதனால் இந்தத் தடவை கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

போன மாதம் ஒரு பழைய வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றார்கள். உடைந்த பீங்கான் தட்டுகளோடு ஒரே பெட்டியில் ஒரு ஜாடி, ஒரு சாண் உயரம். மூடியின் குமிழ் தனியாகக் கழன்று கிடந்தது. பாதத்தில் ஒரு பல் போயிருந்தது. வயிற்றில் மயிரிழை விரிசல், அதற்குள் தேன் நிறத்தில் ஏதோ உறைந்திருந்தது. அடியில் சதுரமான கறுப்புக் கல். பெட்டி முப்பது பவுண்டு. போன வருஷ ஆளாக இருந்தால் தொட்டே பார்த்திருக்க மாட்டேன்.

அந்தத் தேன் நிறம்தான் என்னை நிறுத்தியது. ஃபுளோரைட் நான்கு திசையில் பிளக்கும் கல் என்று நாம் பரீட்சையில் எழுதியிருக்கிறோம். அதைக் கடைசல் பிடிக்கிறவன் பாடு என்ன என்று அன்றைக்கு யோசித்தோமா? உளி பட்டதும் படிகம் படிகமாகத் தெறித்துவிடும். அதனால் டெர்பிஷயர் ஆட்கள் கல்லைச் சூடாக்கி, உருக்கிய பைன் பிசினைக் குடிக்க விட்டார்கள். கொஞ்சம் கடைவது, மறுபடி பிசின், மறுபடி கடைவது. சூடு கொஞ்சம் மிஞ்சினால் ஊதா வெளுத்துவிடும். புதுக் கல்சட்டியை எங்கள் ஆச்சி நாள் கணக்கில் பழக்கியது நினைவுக்கு வந்தது. அங்கேயும் அவசரப்பட்டால் கல் விரிந்துவிடும். இப்போது அதற்குப் பதில் எப்பாக்ஸி என்ற செயற்கைப் பசை வந்துவிட்டது. அது தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். பழைய பிசின் மஞ்சளேறி, ஓரங்களில் பொடிந்துபோயிருக்கும்.

சரி, பிசினை மட்டும் நம்பலாமா? சூடு கண்ட பூனை இல்லையா நான். கழன்ற குமிழ் கையில் இருந்ததே, அதை வைத்துச் சமையலறையில் ஒரு பரிசோதனை செய்தேன். நகை நிறுக்கும் சின்னத் தராசில் 62 கிராம். பிறகு தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, குமிழை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன், அடியில் தொடாமல். தராசு காட்டியது 19.7, அதாவது குமிழ் விலக்கிய தண்ணீரின் எடை. 62ஐ அதால் வகுத்துப் பார். 3.15 வருகிறது. ஃபுளோரைட்டின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, 3.18. பிசின் குடித்த கல்லுக்கு இந்தக் குறைவு சரிதான். சலவைக்கல்லில் இருக்கும் கால்சைட் என்றால் தராசு 23ஐத் தொட்டிருக்கும், அலபாஸ்டர் என்ற மெத்தென்ற ஜிப்சக் கல் என்றால் 27. சாயம் ஏற்றிய அலபாஸ்டரை இந்தப் பெயரில் விற்கிறவர்களும் உண்டு. அதற்குத் தராசு கூட வேண்டாம், அடிப்பக்கம் நகத்தால் கீறினாலே மாவு வரும். முழு ஜாடியைத் தண்ணீரில் போட்டுவிடாதே என்று சொல்ல வந்தேன். ஆனால் நீ எங்கே ஜாடி வாங்கப் போகிறாய்!

எடை ஒத்துப்போனாலும் அது ஃபுளோரைட் என்றுதானே ஆகிறது, சீனத்துக் கல்லும் அதே எடைதானே என்று கேட்பாய். அதற்காகத்தான் புதன்கிழமை ரயிலேறி ஹோப் ஸ்டேஷனில் இறங்கி, காசில்டனுக்கு நடந்தேன். புளூ ஜான் கிடைப்பது அந்த ஊரை ஒட்டிய ட்ரீக் கிளிஃப் குன்றில்தான். பக்கத்தில் மாம் டோர் மலை. அது சரிந்து சரிந்து மெயின் ரோட்டையே தின்றுவிட்டது, 1979இல் ரோட்டை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். ஒடிந்த தார்ச்சாலை அடுக்கடுக்காக இன்னும் கிடக்கிறது. நம் செட்டுப் பையன்களை அங்கே அழைத்துப் போயிருந்தால் பாதிப் பேர் ஒழுங்காகப் படித்திருப்பார்கள்.

குகைக்குள் விளக்கடியில் கல் நாளங்களைப் பார்த்தபோது சந்தேகம் தீர்ந்தது. ஊதா, ஊதாவுக்கும் கறுப்புக்கும் நடுவில் ஒரு நிறம், வெள்ளை, இடையில் மங்கிய மஞ்சள். பட்டைகள் நேராக ஓடாமல், கனசதுரங்களின் மூலைகளை ஒட்டி வளைந்து மடங்கி ஓடுகின்றன. வீட்டு ஜாடியின் வயிற்றில் இருப்பது அப்படியே அதே மடிப்பு. கீழே இருக்கும் கறுப்புக் கல்லும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். ஆஷ்ஃபோர்டு கறுப்பு என்பார்கள், மார்பிள் என்று பேர், உண்மையில் நிலக்கீல் கலந்த சுண்ணாம்புக் கல்.

இந்தக் கல்லைப் பிரபலமாக்கியவர் பர்மிங்ஹாம் மேத்யூ போல்டன். ஆமாம், நீராவி இயந்திர ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி அவரேதான். 1768 டிசம்பரில் டெர்பியில் இருந்த கடிகாரக்காரர் ஜான் ஒயிட்ஹர்ஸ்ட்டுக்கு எழுதி, அந்தச் சுரங்கம் குத்தகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்திருக்கிறார். பிறகு கல் ஜாடிகளுக்குப் பாதரசம் வைத்துப் பொன்முலாம் பூசிய வெண்கலக் கைப்பிடிகளை மாட்டி, 1770இல் லண்டனில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் விற்றார். இதனால் வந்த வினை, கொஞ்சம் ஊதா தெரிந்தாலே வியாபாரிகள் 'போல்டன்' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்த ஜாடிகளில் பெரும்பாலும் கையெழுத்தே இருக்காது. என்னுடையதில் உலோக வேலையும் இல்லை, அதை மாட்டிய துளையும் இல்லை. யாரோ ஊர்க் கடைசல்காரர் செய்தது. எனக்கு அதுவே போதும்.

கல்லுக்கு ஏன் இத்தனை காசு என்று கேட்டிருந்தாயே. ரோமாபுரியில் மூரைன் என்று ஒரு கல் கிண்ணத்துக்குப் பைத்தியமாக அலைந்திருக்கிறார்கள். அது ஃபுளோரைட்டாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்தக் காலத்து ஃபுளோரைட் கிண்ணங்கள் இரண்டு பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்து ரோம எழுத்தாளர் பிளினி எழுதிய ஒரு கதை: பெட்ரோனியஸ் என்ற பிரபு சாகும் தறுவாயில், மூன்று லட்சம் செஸ்டர்ஸ் (ரோமக் காசு) விலையுள்ள தன் மூரைன் அகப்பையை உடைத்துப் போட்டாராம், நீரோ மன்னனின் கைக்குப் போகக் கூடாது என்று. முப்பது பவுண்டு கொடுத்த என்னைச் சாரதா திட்டுகிறாள்.

ஒரு கவலை மட்டும் பாக்கி. பாகங்களைக் கோத்திருக்கும் நடு இரும்புக் கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு உப்பினால் உள்ளிருந்தே கல்லைப் பிளக்கும். வயிற்று விரிசலுக்குக் காரணம் அதுதானா என்று பார்க்க வேண்டும். கழற்றினால் பழைய பிசின் உதிர்ந்துவிடுமோ என்று பயம். பழைய கல் சாமான் ரிப்பேர் பண்ணும் ஒருவரிடம் காட்டினேன். "ஒரு வருஷம் சும்மா வைத்து விரிசல் நீளுகிறதா பாருங்கள்" என்றார். பென்சிலால் விரிசலின் முனையில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.

அதற்குத்தான் உன் உதவி. கடைசி வருஷம் ஃபீல்டு டிரிப்பில் நீ என்னிடமிருந்து வாங்கிய பத்து மடங்கு லென்ஸ் ஞாபகம் இருக்கிறதா? பித்தளைக் கூடு, கறுப்பு நூல். உன் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும். முட்டியை மடக்காமல் யாரையாவது விட்டுத் தேடச் சொல்லி, ஜனவரியில் என் மச்சினன் மதுரை வரும்போது கொடுத்தனுப்பு.

அன்புடன்,
ராஜு